எட்டு கிலோ மிச்சம்

குண்டூசி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். சின்ன வயதில் ஆள் ஒல்லிக்குச்சி, தலை மட்டும் பெரிசு, வாயைத் திறந்தால் குத்தல். வேறென்ன பெயர் வைப்பார்? நாற்பத்தாறு வயதாகியும் அது ஒட்டிக்கொண்டே இருந்தது. தையல் கடைக்கு வருகிறவர்கள் கூட, "குண்டூசியக்கா இருக்காங்களா?" என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். பலகையில் எழுதியிருந்த கடைப் பெயர் ஒருத்தருக்கும் நினைவில்லை.

கடை ஒன்றும் பெரிய கடையில்லை. இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்க ஒரு திரை மறைவு, வெட்டுத்துணி போட ஒரு மரப்பெட்டி. ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அதற்குக் காரணம் அவள் தையல் பாதி, அவள் வாய் பாதி. உலகத்து வம்பையெல்லாம் அளக்கிற அந்த வாய், ஒருத்தியின் உடம்பளவை மட்டும் வெளியே விட்டதே கிடையாது. "என் இடுப்பு முப்பத்திரண்டுதான்" என்பாள் ஒருத்தி. டேப் முப்பத்தாறு காட்டும். "ஆமாமா, முப்பத்திரண்டேதான்" என்று சொல்லி, குண்டூசி நோட்டில் முப்பத்திரண்டு என்றே எழுதுவாள். துணியை முப்பத்தாறுக்கு வெட்டுவாள். அதற்கும் மேலே தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணியை மடித்து வைப்பாள், பின்னால் பிரித்துவிடத் தோதாக. எழுதுவது அவர்கள் மனசுக்கு, வெட்டுவது அவர்கள் உடம்புக்கு. இருபது வருஷமாக இப்படித்தான். ஒருத்தர் மனசும் நோகவில்லை, ஒரு துணியும் வீணாகவில்லை. இது பொய்யில்லையா என்று கேட்டால், "இதனால யாருக்கு என்ன கெட்டுப் போச்சு, சொல்லுங்க பார்ப்போம்?" என்று சண்டைக்கு வருவாள்.

அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக். நாற்பது வயதில் கிறுக்குப் பிடித்த மாதிரி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி ஓடுதளமும், ஒரு தகரக் கொட்டகையும், நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானமும் வைத்திருந்த சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கத்துக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளை இலவசமாக ஏற்றிப் போய் இருபது நிமிஷம் வானத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பேர் கொடுத்தால் போதும். ஓட்டுகிறவர், வரிசை பார்க்கிறவர், தண்ணீர் ஊற்றுகிறவர் எல்லாருமே சம்பளமில்லாமல் வந்தவர்கள்தான். இறங்கி வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதைப் பார்க்கத்தான் அண்ணன் ஆறு நாள் கிரீஸில் புரண்டுவிட்டு ஏழாம் நாளும் ஓய்வெடுக்காமல் ஓடினார்.

அங்கே பிள்ளைகளுக்கு எடை பார்க்க ஒரு ஆள் உண்டு. எடை பார்க்காமல் யாரும் ஏற முடியாது. ஓட்டுகிறவர் போக மூன்று பேர்தான், அந்த மூன்று பேருக்கும் கணக்கு உண்டு. கனமான பிள்ளை முன்னால், லேசான பிள்ளைகள் பின்னால். மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஒரு பிள்ளை அடுத்த சுற்றுக்கு நிற்க வேண்டும். முன்பு எடை பார்த்தவர் ஒரு ஓய்வு பெற்ற கிளார்க். மைக் இல்லாத குறையாகக் கத்துவார். "எழுபத்தொம்பது! அடேயப்பா, பொண்ணு என்னம்மா சாப்பிடறே?" என்று அவர் ஒரு நாள் கத்தியதில் ஒரு பிள்ளை பறக்காமலேயே அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே அண்ணன் தையல் கடைக்கு வந்து நின்றார்.

"குண்டூசி, நீ வா. பிள்ளைங்க உன்கிட்ட கூச்சப்படாது."

"எனக்கு விமானத்தைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும், ஆளை விடுங்க."

"நீ எங்க பறக்கப் போறே? தரையில நில்லு. எடையைப் பாரு, எழுது, மடிச்சு என்கிட்ட குடு. அவ்வளவுதான்."

போனாள். இரண்டு வருஷம் ஒரு மாதம் தப்பாமல் போனாள். தன் கடை அளவு நோட்டையே எடுத்துப் போனாள். கார்பன் வைத்து எழுதி, மேல் தாளைக் கிழித்து மடித்து அண்ணனிடம் கொடுப்பாள். அடித்தாள் நோட்டிலேயே தங்கும். ஒரு எடையும் யார் காதிலும் விழாது. அதற்கப்புறம் அங்கே ஒரு பிள்ளையும் அழவில்லை. இதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. கண்ணும் பழகிவிட்டது. பிள்ளை நடந்து வரும்போதே எடை மனசில் விழும், முள் நின்றதும் அதுவாகவே இருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் தப்பியதில்லை. அண்ணன் இதை வைத்துப் பந்தயம் கட்டித் தோற்றுத் தோற்று, ஞாயிற்றுக்கிழமை டீயெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

அந்த ஞாயிறு வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து ஆறு சுற்று முடிந்து, எண்ணெய் ரொப்பி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிச் சுற்று. மூன்று பேர். முதல் பையன் எடை மெஷினில் ஏறினான், 62.5. அடுத்தவன் வாண்டு, 48.5. மூன்றாவது ஒரு பெண். பதினாறு வயதிருக்கும். அந்த வெயிலிலும் முழங்கால் வரைக்கும் தொங்குகிற தடித்த சட்டை, வயிற்றை மறைத்துப் பிடித்த பை. மெஷினைப் பார்த்தாள், திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் அவள் வகுப்புப் பையன்கள் நாலு பேர் கையில் போனோடு நின்றிருந்தார்கள்.

"டேய், மெஷின் தாங்குமாடா?"

கொல்லென்று சிரிப்பு.

குண்டூசிக்குச் சுர்ரென்று ஏறியது. "யார்ரா அவன்? இன்னொரு வார்த்தை வந்தது, உன் வாயை நூல் போட்டுத் தைச்சிருவேன்!" என்று ஒரு சத்தம் போட்டாள். பையன்கள் அடங்கினார்கள், ஆனால் போனைக் கீழே இறக்கவில்லை. அந்தப் பெண் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஒரு கால் ஏற்கெனவே வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஏற வேணாம்மா," என்றாள் குண்டூசி, குனிந்து. "என் காதுல சொல்லு, போதும்."

"ஐம்பத்தஞ்சு," என்றது அந்தப் பிள்ளை.

குண்டூசியின் கண் எண்பத்தொன்று என்றது. கை 55 என்று எழுதியது.

இதற்கு முன்னாலும் மூன்று நாலு தடவை இப்படிக் காதில் வாங்கி எழுதியிருக்கிறாள். காலை வேளை, எண்ணெய் பாதி, ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் தாளை வாங்கி, காதிலிருந்த பென்சிலை எடுத்து, விமானத்தின் இறக்கையிலேயே வைத்துக் கூட்டினார். ஒரு தடவை கூட்டி, இன்னொரு தடவை கீழிருந்து மேலே கூட்டினார். அது அவர் பழக்கம்.

"எட்டு கிலோ மிச்சம், குண்டூசி. எண்ணெய் வேற ரொப்பியாச்சு, இந்த வெயிலுக்குக் காத்துல பிடிமானமே இருக்காது. நெருக்கம்தான். ஆனா வரம்புக்குள்ளதான் இருக்கு."

எட்டு மிச்சம். எழுதியதைவிட இருபத்தாறு கூட.

அவளுக்குக் கணக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தப் பெண் கைக்கெட்டும் தூரத்தில், முகமெல்லாம் மலர்ந்து நின்றுகொண்டிருந்தாள். இப்போது போய் "அண்ணே, அது ஐம்பத்தஞ்சு இல்ல" என்றால் அந்த முகம் என்ன ஆகும்? பையன்கள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். குண்டூசி மென்று விழுங்கினாள். எந்தத் தொழிலிலும் உள்ளே இரண்டு விரல் மடித்து வைக்காமலா இருப்பார்கள்? ஒரு சட்டைக்கே தான் வைக்கும்போது, விமானம் செய்தவன் வைத்திருக்க மாட்டானா? வரம்பு போட்டவன் அதிலே கொஞ்சம் விட்டுத்தான் போட்டிருப்பான். அண்ணனும் விட்டுத்தான் கூட்டியிருப்பார். இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வாய் திறந்து அவள் சொன்னது இதுதான்:

"சட்டுனு போயிட்டு வாங்க, சாப்பாடு ஆறிடும்."

பெரிய பையன் முன்னால் ஏறினான். லேசானவர்கள் என்று அந்தப் பெண்ணையும் வாண்டையும் பின்னால் ஏற்றினார் அண்ணன். கதவைச் சாத்தி, இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

விமானம் எப்போதும் தரையை விடுகிற இடத்தைத் தாண்டியும் ஓடியது. ஓடி ஓடி, வேலிக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பியது. எழும்பியதும் மூக்கு ஒரேயடியாக மேலே போனது, வாலை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. அண்ணன் மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கத்தினார். ஒரு இறக்கை சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், கல் கரை மேல், ஒரு இரும்பு பீரோவை மாடியிலிருந்து தள்ளிவிட்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. குண்டூசி கையில் நோட்டோடு நின்றாள். ஓடத் தோன்றவில்லை.

அண்ணன் இருக்கையிலேயே போய்விட்டார். முன்னாலிருந்த பையனுக்குக் கையும் விலா எலும்பும் முறிந்தன. வாண்டு சிராய்ப்போடு தப்பினான். அந்தப் பெண்ணுக்கு வலது கால் நசுங்கி, மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எண்ணெய்த் தொட்டி உடைந்து அண்ணனின் சட்டையெல்லாம் ஊறிப் போனதில், பையிலிருந்த தாள் கூழாகிவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல ஆள் ஒருத்திதான் மிச்சம். அவளோ அன்றைக்கே நோட்டைக் கொண்டுபோய்க் கடை மரப்பெட்டியில், வெட்டுத்துணிக்கு அடியில் புதைத்துவிட்டாள். விசாரணைக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்று சொல்லி அழுதாள். அழுகை உண்மைதான்.

இரண்டு வாரம் கழித்துச் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். ஆள் கனத்த உடம்பு, நாற்காலி முனகியது. துக்கம் விசாரித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கடைசிச் சுற்றுக்கு எடை பார்க்கவே இல்லைன்னு நான் சொல்லியிருக்கேம்மா. நீங்க சாப்பிடப் போயிட்டீங்க, அவர் அவசரத்துல அப்படியே ஏத்திட்டார்னு."

"நான் எங்கயும் போகலையே?"

"போனீங்கன்னே இருக்கட்டும். தனி ஒரு ஆள் அவசரப்பட்டார்னா விஷயம் அதோட முடிஞ்சிடும். நம்ம ஏற்பாடே சரியில்லைன்னா, இனிமே ஒரு பிள்ளையும் பறக்க முடியாது, பூட்டிருவாங்க. அவரே இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார், நினைச்சுப் பாருங்க. அவருக்கு இனி என்ன கெடப் போகுது?"

குண்டூசி தலையை ஆட்டினாள். சரி என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அடப்பாவி என்று அவரைத் திட்ட நினைத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது?

அவருக்கு என்ன கெடும் என்று செயலாளர் கேட்டாரே, கெட்டது. தினம் கெட்டது. பணிமனையில் அண்ணன் படத்துக்குக் கீழே யாரோ "அவசரக்காரன்" என்று கிறுக்கியிருந்தார்கள். அண்ணன் மகனைப் பள்ளியில், "உங்கப்பன்தானே கால் எடுத்தவன்?" என்று கேட்டு அடிதடி ஆகி, அவன் பள்ளிக்கூடமே வேண்டாமென்று வீட்டுக்குள் முடங்கிவிட்டான். அண்ணி மட்டும் ஒரு நாள் விடாமல் வேலை முடிந்து கடைக்கு வருவாள். அந்த மரப்பெட்டி மேலேதான் உட்காருவாள். வேறு உட்கார இடம் இல்லை.

"ஒரு பஸ்ஸைப் பின்னால எடுக்கணும்னா கூட இறங்கி நின்னு ரெண்டு தடவை பார்ப்பாரு," என்பாள். "கறிகாய்க் கணக்கையே கீழயிருந்து மேல ஒரு தடவை கூட்டிப் பார்க்கிற மனுஷன். எடை பார்க்காம ஏத்தியிருப்பாரா? நீயே சொல்லு, குண்டூசி."

"மாட்டாரு, அண்ணி."

"நீ எழுதிக் குடுத்திருப்பியே. உனக்கு ஞாபகம் வரலையா? கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. ஒரு துண்டுச் சீட்டு போதும். என் பிள்ளை தலைநிமிர்ந்து நடப்பான்."

குண்டூசி மெஷினை மிதிப்பாள். ஊசி நூலில்லாமல் துணியில் ஏறி இறங்கும். அண்ணியின் கால் பெட்டியை லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் நெஞ்சில் விழும். சொல்லிவிடலாம்தான். நோட்டை எடுத்து நீட்டினால் அண்ணன் பெயர் கழுவப்பட்டுவிடும். ஆனால் 55 என்று ஏன் எழுதினாய் என்ற கேள்வி வரும். பிள்ளை சொன்னது என்றால், காலும் போய், பொய் சொல்லி ஒரு மனுஷனைக் கொன்றவள் என்ற பெயரும் அந்தப் பிள்ளைக்கு வரும். நான் தெரிந்தே எழுதினேன் என்றால், இதோ இந்த அண்ணி இந்தப் பெட்டியிலிருந்து எழுந்து போவாள், திரும்பி வரமாட்டாள். இப்படியே நாலு மாதம் ஓட்டினாள்.

விசாரணை சங்கக் கொட்டகையிலேயே ஒரு காலையில் நடந்தது. மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், அதட்டாத குரல். மேஜைக்குப் பக்கத்தில் அந்த எடை மெஷின், கழுத்தில் ஒரு அட்டை கட்டி வைக்கப்பட்டிருந்தது. அண்ணி மகனையும் இழுத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பின் வரிசையில் அந்தப் பெண், அம்மாவோடு, மடியில் இரண்டு ஊன்றுகோல்.

செயலாளர் எழுந்து தான் சொன்னதையே சொன்னார். விமானத்தில் இருந்த பையன்கள் இரண்டு பேருக்கும் விழுந்ததற்கு முந்தியது ஒன்றும் ஞாபகமில்லை; சிரித்த பையன்கள் பயத்தில் போனில் இருந்ததை அழித்துவிட்டு, எதையும் பார்க்கவில்லை என்றுவிட்டார்கள். அடுத்து அந்தப் பெண்ணைக் கேட்டார்கள்.

"நீ மெஷின் மேல ஏறினியாம்மா?"

ஏறவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தது. "ஏறினேன்," என்றது.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். ஒருத்தர் எடையே பார்க்கவில்லை என்கிறார், ஒருத்தி ஏறினேன் என்கிறாள். தாள் இல்லை. அவர் பேனாவை மூடுவதைப் பார்த்ததும் குண்டூசிக்குப் புரிந்தது, இது இப்படியே மூடப்போகிறது என்று. அண்ணன் அவசரக்காரராகவே போய்ச் சேரப் போகிறார். முன் வரிசையில் அண்ணன் மகனின் பிடரி தெரிந்தது. அண்ணனுக்கு இருந்த அதே சுழி.

"எடை பார்த்தாச்சு," என்று எழுந்தாள். "நான் எங்கயும் போகல. இந்தாங்க நோட்டு."

எதற்கும் இருக்கட்டும் என்று பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வருகிற வழியெல்லாம் அதைக் குப்பையில் போட்டுவிடலாமா என்றும் நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அதிகாரி கார்பன் தாளை நிதானமாகப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். கொட்டகைத் தகரம் வெயிலில் படபடத்தது.

"அன்னைக்கு எடைக்கெல்லாம் புள்ளி வெச்சு எழுதியிருக்கீங்க. 62.5, 48.5. முழு எண் வந்தா கூட 51.0னுதான் இருக்கு. இந்த 55க்கு மட்டும் புள்ளியே இல்ல. ஏம்மா?"

இருபது வருஷக் கை. முள்ளைப் பார்த்து எழுதினால் புள்ளி வைக்கும், காதில் கேட்டு எழுதினால் வைக்காது. அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கே எடை எடுத்ததுல இந்தப் பொண்ணு எண்பத்தொண்ணு இருந்திருக்கு," என்றார் அதிகாரி. "பின்னால உட்கார வெச்சிருக்காங்க. வால் கனத்து, மூக்கு தூக்கி விழுந்ததுக்கு அதுதான் காரணம். மெஷின் சரியா இருக்குன்னு சோதிச்சுட்டோம். அப்புறம் 55 எங்கிருந்து வந்தது?"

பின் வரிசையில் ஊன்றுகோல் ஒன்று நழுவி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் போட்டது," என்றாள் குண்டூசி. "பிள்ளை ஏறலை. நான்தான் ஏற வேணாம்னு சொன்னேன். பசங்க சிரிச்சாங்க, எனக்கு மனசு கேட்கல. நானா ஒரு நம்பர் போட்டேன். அது ஏறினேன்னு சொல்லுது, பாவம், அவ்வளவு உயரத்திலேர்ந்து விழுந்த பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

கடைசி வரைக்கும் அதே புத்தி. கேட்கிறவர் மனசுக்கு ஒன்றை எழுதுகிற புத்தி. ஆனால் அந்த ஐம்பத்தஞ்சை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டதில் அவளுக்கு வருத்தமில்லை. பின் வரிசையில் அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"கண்ணால பார்த்துக் குத்துமதிப்பா போட்டீங்க, தப்பாயிடுச்சு. அப்படித்தானே?" அதிகாரியின் குரல் கொஞ்சம் இளகியது. தப்பித்துக்கொள்ள அவரே ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குண்டூசி திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நோட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சீட்டு கிடைத்துவிட்டது என்ற கண்ணீர்.

"இல்லீங்க. என் கண்ணுக்குத் தப்பாது. எண்பத்தொண்ணுன்னு பார்த்ததுமே தெரியும். தெரிஞ்சுதான் 55ன்னு எழுதினேன்."

"அதெப்படிம்மா, பார்த்ததும் தெரியும்?"

"நீங்க எழுபத்து மூணரை. இந்த ஷூவோட எழுபத்து நாலு. செயலாளர் தொண்ணூத்தேழு."

யாரோ பின்னால் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். செயலாளர் நாற்காலியை இழுத்து வயிற்றை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். அதிகாரி எழுந்து, அட்டை கட்டிய அந்த மெஷின் மேல் ஏறி நின்றார். முள் ஆடி நின்றது. உதவியாளர் குனிந்து பார்த்தார்.

"எழுபத்து நாலு, சார். புள்ளி பூஜ்யம்."

ஜெயித்த பந்தயத்துக்கெல்லாம் டீ வாங்கித் தந்த அண்ணன் இப்போது இல்லை. அதிகாரி இறங்கி, நாற்காலிக்குப் போய், பேனாவைத் திறந்தார்.

"உங்க அண்ணன் கணக்குப் போட்டாரா?"

"போட்டார். ரெண்டு தடவை போட்டார். எட்டு கிலோ மிச்சம்னு என்கிட்ட சொன்னார். அவர் போட்ட கணக்குல ஒரு தப்பும் இல்ல. அதை எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினார். கையெழுத்துப் போட்டாள். அவள் மேல் வழக்கு வரும் என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். தலையாட்டினாள்.

வெளியே வந்தபோது அண்ணி படியில் நின்றிருந்தாள். மகனைப் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் அனுப்பியிருந்தாள். அவன் தலையைத் தூக்கித்தான் நடந்துகொண்டிருந்தான். அண்ணியின் கண்ணீர் காய்ந்து போயிருந்தது.

"அவர் எட்டு கிலோ மிச்சம்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான் நின்னியா?"

"நின்னேன், அண்ணி."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"ஒரு பிள்ளையை இறக்கியிருப்பாரு. அந்தப் பொண்ணை முன்னால மாத்தி உட்கார வெச்சிருப்பாரு."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

குண்டூசி யோசித்தாள். கதவைத் திறக்க, இறக்க, மாற்ற, மறுபடியும் சாத்தி இரண்டு தடவை தட்டிப் பார்க்க. இந்த ஒன்றிலாவது கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"ரெண்டு நிமிஷம், அண்ணி."

அண்ணி தலையை மெல்ல ஆட்டினாள். முந்தைய நாள் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன தன் குடையைக் குண்டூசி கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். படியிறங்கி, வெயிலில் அதை விரிக்காமலேயே, மகன் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.